எல்லைப்புறத் தமிழரும் அடித்தள அதிகாரமும்: தேவிகுளம், பெருமாட்டி வரலாறுகளை முன்வைத்து

முன்னுரை

கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ள தேவிகுளம், பீருமேடு வட்டங்களும், பாலக்காடு மாவட்டத்தில் உள்ள சித்தூர் வட்டமும் தமிழ் வழங்கும் எல்லைப்புறப் பகுதிகளாகும். இப்பகுதிகளைப் பற்றித் தமிழில் எழுந்துள்ள ஆய்வுகளுள் பெரும்பாலானவை 1956ஆம் ஆண்டு மாநில எல்லைச் சீரமைப்பையும், மொழிச் சிறுபான்மையினரின் கல்வி உரிமையையும் மையமாகக் கொண்டவை. எல்லை முடிவான பின்னர் அங்கேயே தங்கி வாழ்ந்த மக்கள் தமக்கான அரசியல் வலிமையை எவ்வாறு தேடினர் என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை.

தாம் வாக்களித்த கட்சியும், தாம் சந்தா செலுத்திய சங்கமும் தம்மைக் கைவிட்டுவிட்டன என்று உணரும் மக்களுக்கு முன் இரு வழிகள் உள்ளன. அத்தலைவர்களை வெளிப்படையாக எதிர்த்து நிற்பது ஒன்று. வார்டு, ஊராட்சி, கிராமசபை என்னும் அடித்தள அமைப்புகளில் தாமே இடம்பிடித்து, தலைவர்கள் தம்மைப் புறக்கணிக்க இயலாத நிலையை உருவாக்குவது மற்றொன்று. இவ்விரு வழிகளும் எல்லைப்புற வரலாற்றில் எவ்வாறு செயற்பட்டன என்பதை 1954 முதல் 2020 வரையிலான சில நிகழ்வுகளின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. எதிர்ப்புக் குரல் கதவைத் திறக்கிறது. ஆயினும் உள்ளே நுழைந்து நிலைபெறுவதற்கு ஊன்றி நிற்க ஓர் இடம் தேவை என்பதே இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

தன் கட்சியின் அரசை எதிர்த்த குரல்: 1954

திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் 1954 மார்ச்சு மாதம் பட்டம் தாணுப்பிள்ளை தலைமையில் பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் அமைச்சரவை அமைந்தது. சட்டமன்றத்தில் அக்கட்சிக்கு 19 இடங்களே இருந்தன. காங்கிரசு வெளியிலிருந்து ஆதரவளித்தது. அதே தேர்தலில் 12 இடங்களில் வென்ற திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு, தமிழ் வட்டங்களைச் சென்னை மாநிலத்துடன் இணைக்க வேண்டும் என்னும் கோரிக்கையை முன்வைத்துப் போராடி வந்தது. 1954ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இப்போராட்டம் தேவிகுளம் மலைப்பகுதியில் சூடுபிடித்து, பின்னர்த் தென்வட்டங்களுக்குப் பரவியது. ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டம், புதுக்கடை ஆகிய இடங்களில் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் தமிழர் பலர் உயிரிழந்தனர்.

பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளராக அப்போது இருந்தவர் இராம் மனோகர் லோகியா. அவர் உத்தரப் பிரதேசத்தில் நைனி சிறையில் இருந்தவாறே, தம் கட்சியின் அமைச்சரவை பதவி விலக வேண்டும் என்று கோரினார். மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்திய அரசு, அது எக்கட்சியின் அரசாயினும், நீடிக்கலாகாது என்பது அவர் நிலைப்பாடு. கட்சித் தலைமை அதனை ஏற்கவில்லை. பூசல் முற்றி, 1955இன் இறுதியில் லோகியா தனியே சோசலிஸ்ட் கட்சியைக் கண்டார். பட்டம் தாணுப்பிள்ளையின் அமைச்சரவை அதற்கு முன்னரே, 1955 பிப்ரவரியில் வீழ்ந்துவிட்டது.

இந்திய அரசியல் வரலாற்றில் அறநெறிக்கு எடுத்துக்காட்டாக இந்நிகழ்வு இன்றும் சுட்டப்படுகிறது. அப்பெருமை தகுதியானதே. எனினும் தேவிகுளத்துத் தோட்டத் தொழிலாளியின் பக்கமிருந்து நோக்கினால் வேறொரு வினா எழுகிறது. ஒரு கட்சி பிளந்தது. ஓர் அமைச்சரவை வீழ்ந்தது. இவற்றால் அத்தொழிலாளிக்குக் கிட்டியது யாது? 1955இல் அறிக்கை அளித்த மாநிலச் சீரமைப்பு ஆணையம், தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தென்வட்டங்களைச் சென்னை மாநிலத்திற்கு அளிக்கப் பரிந்துரைத்தது. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்துடனேயே இருத்தப்பட்டன. அவ்விரு வட்டங்களின் பொருளாதார முதன்மையும், அங்குள்ள தமிழருள் பெரும்பகுதியினர் தோட்ட வேலைக்காக வந்து செல்வோர் என்னும் கருத்தும் அம்முடிவிற்குப் பின்னணியாக அமைந்தன.

தென்வட்டங்களில் தமிழர் நிலவுடைமையாளராகவும் வணிகராகவும் வழக்கறிஞராகவும் வேரூன்றி இருந்தனர். மார்ஷல் நேசமணி முதலியோர் தலைமையில் 1940களிலிருந்தே ஊர்தோறும் அமைப்புக் கட்டப்பட்டிருந்தது. தேவிகுளத்திலோ வீடும் நிலமும் கம்பெனிக்கு உரியவை. பல தலைமுறைகளாக ஒரே மலையில் உழைத்தும் 'வந்து செல்வோர்' என்னும் பெயரே அம்மக்களுக்கு எஞ்சியது. இவ்வேற்றுமை பின்வரும் நிகழ்வுகள் அனைத்திற்கும் அடிப்படையாக அமைவது.

வாக்கும் துப்பாக்கியும்: 1958

1957ஆம் ஆண்டுத் தேர்தலில் 126 இடங்கள் கொண்ட கேரளச் சட்டமன்றத்தில் பொதுவுடைமைக் கட்சி 60 இடங்களைப் பெற்று, சுயேச்சை உறுப்பினர் ஐவரின் துணையுடன் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் ஆட்சி அமைத்தது. தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூசின் வெற்றி செல்லாது என்று அறிவிக்கப்பட்டதால், 1958 மே மாதம் அங்கு இடைத்தேர்தல் நடைபெற்றது. மிகக் குறைந்த பெரும்பான்மை கொண்ட அரசுக்கு அத்தொகுதி இன்றியமையாததாயிற்று. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் தோட்டந்தோறும் சென்று தமிழில் பாடிப் பொதுவுடைமைக் கட்சிக்கு வாக்குச் சேகரித்தது இத்தேர்தலில்தான். ரோசம்மா புன்னூசு மீண்டும் வென்றார். மாநில அரசின் வலிமை தமிழ்த் தொழிலாளரின் வாக்கினால் காக்கப்பட்டது எனலாம்.

அதே ஆண்டு அக்டோபரில் மூணாற்றுத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. அப்போது காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர். ஐந்து திங்களுக்கு முன் தாம் வாக்களித்துக் காத்த அரசின் காவல்துறையே தம்மைச் சுட்டது என்பது அம்மலையின் நினைவில் தங்கிய வடுவாகும்.

அடித்தள ஆட்சியமைப்பை விரிவுபடுத்தும் முயற்சியும் அவ்வரசிடம் இருந்தது என்பதையும் இங்குக் கருதவேண்டும். முதலமைச்சரே தலைவராக இருந்த நிருவாகச் சீர்திருத்தக் குழுவின் பரிந்துரைப்படி ஊராட்சிச் சட்ட முன்வரைவும் மாவட்ட மன்றச் சட்ட முன்வரைவும் கொண்டுவரப்பட்டன. 1959 சூலை 31ஆம் நாள் ஆட்சி கலைக்கப்பட்டதால் அவை நிறைவேறாமற்போயின. வாக்கு வலிமை பெற்றிருந்த தொழிலாளர், அவ்வலிமையை ஆண்டு முழுவதும் செலுத்தத்தக்க மன்றம் ஏதுமின்றி நின்றனர். தொழிற்சங்கம் ஒன்றே அவர்களுக்கு எஞ்சிய கருவியாயிற்று. அச்சங்கங்கள் காலப்போக்கில் கட்சிகளின் கிளைகளாகிய வரலாறு அனைவரும் அறிந்ததே.

உரிமம் தந்த ஊராட்சியே எதிர்த்த வரலாறு: பெருமாட்டி

அரசியலமைப்பின் 73ஆவது திருத்தமும் (1992), கேரள ஊராட்சிச் சட்டமும் (1994), 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கமும் 1958இல் இல்லாதிருந்த அம்மன்றத்தை உருவாக்கித் தந்தன. அதன் வலிமை சோதிக்கப்பட்ட முதன்மையான களம் பாலக்காட்டு எல்லையில் அமைந்தது.

சித்தூர் வட்டம் பெருமாட்டி ஊராட்சிக்குட்பட்ட பிளாச்சிமடாவில் 2000ஆம் ஆண்டு கொக்கோ கோலா நிறுவனத்தின் ஆலை இயங்கத் தொடங்கியது. அதற்கு உரிமம் வழங்கியது அவ்வூராட்சியே. சில ஆண்டுகளுக்குள் சுற்றியிருந்த குடியிருப்புகளின் கிணற்று நீர் சுவை கெட்டு, சமைக்கவும் குளிக்கவும் தகுதியற்றதாயிற்று. பாதிக்கப்பட்டோருள் பெரும்பாலோர் எரவாளர், மலசர் முதலிய பழங்குடியினர். தமிழோடு நெருங்கிய பேச்சு வழக்கினர். 2002 ஏப்ரல் 22ஆம் நாள் ஆலை வாயிலின் எதிரே பந்தலமைத்து அவர்கள் அறப்போரைத் தொடங்கினர். எரவாளர் குடியைச் சேர்ந்த மயிலம்மா அப்போரின் முகமானார். பள்ளிக் கல்வியோ கட்சிப் பொறுப்போ இல்லாத அவரது வாழ்க்கை, ஜோதிபாய் பரியாடத்தால் மலையாளத்தில் பதிவு செய்யப்பட்டுப் பின்னர்த் தமிழிலும் வெளிவந்தது.

தொடக்கத்தில் பெரிய கட்சிகள் எவையும் பந்தலின் பக்கம் நிற்கவில்லை. ஆலை வேலைவாய்ப்பு தரும் என்பதே பொதுவான நிலைப்பாடாக இருந்தது. ஊராட்சியை ஆண்ட ஜனதா தளத்தினரைப் பகைவராக நிறுத்தி ஏசுவதற்குப் போராட்டக்காரர்களுக்குக் காரணம் நிரம்ப இருந்தது. ஆயினும் அவர்கள் நாள்தோறும் பந்தலில் அமர்ந்தனர்; கிணற்று நீரைக் கொணர்ந்து காட்டினர்; தம் ஊராட்சியிடம் திரும்பத் திரும்பச் சென்றனர். அதன் பயனாக 2003 ஏப்ரலில் அதே ஊராட்சி மன்றம், ஆலையின் உரிமத்தைப் புதுப்பிப்பதில்லை என்று தீர்மானித்தது. ஜனதா தளத்தின் மாநிலத் தலைமையும் போராட்டத்தின் பக்கம் வந்தது. 2004 சனவரியில் பிளாச்சிமடாவில் உலக நீர் மாநாடு நடைபெற்றது.

இதன் பின்னர் நிகழ்ந்த சட்டப்போர், ஊராட்சி என்னும் அமைப்பு இன்றேல் நிகழ்ந்திராது. 2003 டிசம்பர் 16ஆம் நாள் கேரள உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி அமர்வு, நிலத்தடி நீர் பொதுமக்களின் உடைமை; அரசு அதன் காப்பாளர் மட்டுமே என்னும் கோட்பாட்டை முன்வைத்தது. 2004 மார்ச்சில் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. 2005 ஏப்ரலில் இருநீதிபதி அமர்வு, நாளொன்றுக்கு 5 இலட்சம் லிட்டர் வரை நீரெடுக்க நிறுவனத்திற்கு இசைவளித்தபோது, பெருமாட்டி ஊராட்சி உச்ச நீதிமன்றம் சென்றது. 2017இல் ஆலையை மீண்டும் இயக்கும் எண்ணமில்லை என்று நிறுவனம் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

ஈண்டு ஓர் எல்லையையும் சுட்டுதல் வேண்டும். மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010இல் இழப்பை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திற்கான சட்ட முன்வரைவு 2011இல் சட்டமன்றத்தில் நிறைவேறியும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிட்டவில்லை. ஆலையை மூடச் செய்ய ஓர் ஊராட்சியின் வலிமை துணைநின்றது. இழப்பீட்டைப் பெற்றுத்தர அது போதவில்லை. மயிலம்மா 2007 சனவரியில் மறைந்தார்.

பெம்பிளை ஒருமை: 2015

பெருமாட்டியில் மக்கள் தம் ஊராட்சியைத் தம் பக்கம் திருப்பினர். மூணாற்றிலோ மக்களின் சினம் முதலில் தம் சங்கத் தலைவர்கள்மீதே பாய்ந்தது.

கண்ணன் தேவன் மலைகளில் 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிகள் வழியாக அழைத்துவரப்பட்டோரின் வழித்தோன்றல்களே இன்றைய தொழிலாளர். டாட்டா நிறுவனம் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகியபின், 2005இல் தொழிலாளரையும் பங்குதாரராகக் கொண்ட புதிய கம்பெனி அமைந்தது. 2015இல் அக்கம்பெனி 10 விழுக்காடு போனஸ் அறிவித்தது. முந்தைய ஆண்டு 19 விழுக்காடு வழங்கப்பட்டிருந்தது. செப்டம்பர் முதல் வாரத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாறு நகரில் திரண்டு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். 20 விழுக்காடு போனசும், 232 ரூபாயாக இருந்த நாட்கூலியை 500 ரூபாயாக உயர்த்துதலும் அவர்தம் கோரிக்கைகள்.

இப்போராட்டத்தின் தனித்தன்மை அது எவரை விலக்கிற்று என்பதில் உள்ளது. இடதுசாரி, காங்கிரசுச் சார்புடைய மூன்று பெரிய சங்கங்களின் தலைவர்களையும் பெண்கள் தம் கூட்டத்திற்குள் அனுமதிக்கவில்லை. தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரும் திருப்பி அனுப்பப்பட்டார். தம் வீட்டு ஆண்களையும் ஓரமாகவே நிற்கச் செய்தனர். கொழுந்துச் சுமை தம் முதுகில். பணச்சுமை பிறர் கையில் என்னும் பொருள்பட அவர்கள் எழுப்பிய முழக்கங்கள் கம்பெனியை மட்டுமன்றிச் சங்கத் தலைமையையும் குறித்தன.

அவ்வியக்கம் பெற்ற பெயரும் மொழி நோக்கில் கருதத்தக்கது. 'பெம்பிளை' என்பது 'பெண்பிள்ளை' என்பதன் பேச்சு வடிவம். தமிழுக்கும் மலையாளத்திற்கும் பொதுவாய் நிற்பது. 'ஒருமை' மலையாளத்தில் ஒற்றுமையைக் குறிப்பது. தமிழ் இலக்கணத்திலோ பன்மைக்கு மறுதலை. பல்லாயிரவர் கூடி ஒருவராய் நின்ற நிலையை இரு மொழிகளின் எல்லையில் பிறந்த அத்தொடர் தற்செயலாகவே உணர்த்திவிடுகிறது.

ஒன்பது நாள் போராட்டத்திற்குப் பின், செப்டம்பர் 13ஆம் நாள் முதலமைச்சர் உம்மன் சாண்டி முன்னிலையில் கொச்சியில் நடந்த பேச்சில் உடன்பாடு எட்டப்பட்டது. 8.33 விழுக்காடு போனசும் 11.67 விழுக்காடு கருணைத்தொகையும் சேர்ந்து 20 விழுக்காடாயின. அன்று பெண்களுடன் வந்தமர்ந்த வி.எஸ். அச்சுதானந்தன் ஒருவரே அவர்கள் வரவேற்ற பெருந்தலைவர்.

கூலி உயர்வுக் கோரிக்கையின் வரலாறு வேறாக அமைந்தது. கூலியை முடிவு செய்யும் தோட்டத் தொழிலாளர் குழுவில் ஏற்பளிக்கப்பட்ட சங்கங்களுக்கே இடமிருந்தது. தெருவில் வென்ற பெண்களுக்கு அம்மேசையில் நாற்காலி இல்லை. எந்தச் சங்கங்களை அவர்கள் விலக்கினரோ அச்சங்கங்களே அவர்களுக்காகப் பேசின. அக்டோபரில் தேயிலைத் தொழிலாளரின் நாட்கூலி 301 ரூபாய் என முடிவாயிற்று.

இந்நிலையில் அவ்வியக்கம் மேற்கொண்ட அடுத்த முயற்சியே இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. 2015 நவம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் பெம்பிளை ஒருமை தன் வேட்பாளர்களை நிறுத்தியது. 2010 தேர்தல் முதல் கேரள உள்ளாட்சி இடங்களுள் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது இதற்குத் துணைசெய்தது. கிராம ஊராட்சி அளவில் இரண்டு இடங்களும் தேவிகுளம் வட்டார ஊராட்சியில் ஓர் இடமும் அதற்குக் கிட்டின. வட்டார ஊராட்சிக்குத் தேர்வானவர் போராட்டத்தை முன்னின்று நடத்திய கோமதி. அமைப்புத் தோன்றி இரண்டே திங்களில், நெடுங்காலமாக வேரூன்றிய கட்சிகளுக்கு எதிரே பெற்ற இவ்வெற்றி சிறியதன்று.

எனினும் அது வளரவில்லை. தலைமையில் பிளவு ஏற்பட்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் இயக்கத்தின் வேட்பாளர் பெற்ற வாக்குகள் மிகச் சில. விலக்கப்பட்ட உறுப்பினரே மீண்டும் தொகுதியில் வென்றார்.

லயமும் ஊராட்சியும்

பெருமாட்டியில் நிலைத்த வலிமை மூணாற்றில் ஏன் நிலைக்கவில்லை? பெண்களின் அனுபவமின்மை, தலைமைப் பூசல், கட்சிகளின் சூழ்ச்சி எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவை ஓரளவு உண்மையாயினும் முழுமையானவை அல்ல. இரு களங்களின் அமைப்பிலேயே வேறுபாடு உண்டு.

பிளாச்சிமடாவில் மக்கள் தம் குடியிருப்பில் வாழ்ந்தனர். கெட்டுப்போன கிணறு அவர்களுடையது. உரிமத்தைத் தரவும் மறுக்கவும் ஊராட்சிக்குச் சட்ட அதிகாரம் இருந்தது. மக்களின் இடரும் மன்றத்தின் அதிகாரமும் ஒரே பொருளில் சந்தித்தன. மூணாற்றிலோ தொழிலாளி வாழும் லயம் கம்பெனிக்குரியது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குடிநீர் ஆகியவற்றைத் தோட்ட நிருவாகத்தின் கடமையாக வைத்தது. அது பாதுகாப்பாகக் கருதப்பட்ட ஏற்பாடு. ஆயின் தொழிலாளியின் அன்றாட வாழ்வு ஊராட்சியின் கைக்கு எட்டாத இடத்தில் நின்றது. கூலியோ போனசோ வீடோ வார்டு உறுப்பினரின் தீர்மானத்தால் மாறுவன அல்ல. வேலை ஓய்வு பெற்றால் லயத்தையும் விட்டு நீங்க வேண்டும் என்பதால், ஓர் ஊரில் பட்டறிவு பெற்ற முதியோர் அவ்வூரிலேயே தங்கி இளையோருக்கு வழிகாட்டும் வாய்ப்பும் அருகியது.

சோழர் கால உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலையில் பெயர் எழுதப்படுவோருக்குக் கால் வேலிக்கு மேற்பட்ட இறைசெலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. ஊராட்சிக்கு அதனை முன்னோடியாகக் காட்டுவது தமிழ் ஆய்வுலகின் வழக்கம். அவ்விதிப்படி நோக்கினால் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி எந்நாளும் மன்றத்தில் அமர்ந்திருக்க இயலாது. இன்றைய அரசியலமைப்பு நிலமும் வீடும் இல்லாதவளுக்கு இடமளித்தது. அது பெரும் மாற்றம். நிலமும் வீடும் இன்மையால் அவ்விடத்தின் பயன் குன்றுவதும் உண்மை. 1955இல் 'வந்து செல்வோர்' எனக் கருதப்பட்ட அதே நிலை, 2015இல் மற்றொரு வடிவில் அவளைத் தொடர்ந்தது.

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியதில் 70 பேர் உயிரிழந்தனர். அதன்பின் சொந்த நிலத்தில் சொந்த வீடு என்னும் கோரிக்கை தோட்டப் பகுதியின் முதன்மைக் கோரிக்கையாயிற்று. அக்கோரிக்கையை முன்வைத்துக் குரலெழுப்பியோருள் கோமதியும் ஒருவர். போனசில் தொடங்கிய போராட்டம் மனையில் வந்து நின்றமை, அம்மக்கள் தம் வலிமைக் குறைவின் வேரைத் தாமே கண்டுகொண்டதைக் காட்டுகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1954இல் லோகியா தம் கட்சியின் அரசை எதிர்த்தது உயர்ந்த நெறி. ஆயினும் அவ்வெதிர்ப்பு தேவிகுளத்தில் அமைப்பாக வேர்கொள்ளவில்லை. 1958இல் தொழிலாளர் அளித்த வாக்கு ஓர் அரசைக் காத்தது. அவ்வாக்கை நாள்தோறும் செலுத்தத்தக்க மன்றம் இல்லாமையால் அது அவர்களைக் காக்கவில்லை. 2002க்குப் பின் பெருமாட்டியில் எதிர்ப்பும் மன்றமும் இணைந்தன. உரிமம் தந்த கையே அதனை மறுத்தது. 2015இல் மூணாற்றுப் பெண்கள் தலைவர்களை விலக்கிய வேகத்திலேயே மன்றத்தையும் நாடினர். அம்மன்றத்தின் அதிகாரம் லயத்தின் வாயிலோடு நின்றுவிட்டது.

எனவே தம் தலைவர்களை எதிர்த்தலும் அடித்தளத்தைக் கட்டுதலும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. முன்னது கணப்பொழுதில் நிகழ்வது. பின்னது ஆண்டுக்கணக்கில் நிகழ்வது. பின்னதற்கு ஊன்றி நிற்கத் தன் மண் வேண்டும். எல்லைப்புறத் தமிழரின் அரசியல் வரலாற்றை மொழி உரிமையின் வரலாறாக மட்டும் எழுதாமல், மனை உரிமையின் வரலாறாகவும் எழுதும் தேவை இதனாற் புலனாகிறது. தோட்ட ஊராட்சிகளின் தீர்மானப் பதிவேடுகள், கிராமசபைக் குறிப்புகள், தொழிலாளரின் வாய்மொழி வழக்காறுகள் ஆகியவை அத்தகைய ஆய்வுக்குரிய மூலங்களாக அமையும். கொழுந்து பறித்தவாறே அரசியல் பேசிய ஒரு தலைமுறைப் பெண்கள் ஓய்வு பெற்று மலையிறங்கும் முன்னர் அவர்தம் வாய்மொழிகள் தொகுக்கப்படுதல் இன்றியமையாதது.